வைஃபை: ஒரு புறம்போக்கு நிலத்தின் வரலாறு

கொஞ்சம் நீளமான பதிவு. டீ வாங்கி பக்கத்துல வச்சுக்கோங்க.

"நெட் வரலை"ன்னு ஒரு சின்ன ஆபிஸ்ல குரல் கேட்டா அடுத்து என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். முதல்ல நெட்வொர்க் பார்க்கிற தம்பிக்கு திட்டு. ரெண்டாவது, ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன். அதுக்கும் அடங்கலைன்னா, "இந்த ரவுட்டரே வேஸ்ட், வேற வாங்கு". புதுசு வந்து பத்து நாள் கழிச்சு மறுபடியும் அதே குரல், அதே தம்பிக்கு திட்டு.

இந்த சுற்றுல யாருமே கேட்காத கேள்வி ஒண்ணு இருக்கு. வைஃபை ஏன் இப்படி? கேபிள்ல இல்லாத இந்த திடீர் கோபம் காத்துல வரும்போது மட்டும் ஏன் வருது? இதுக்கு பதில் ரவுட்டர் மேனுவல்ல இல்லை, வரலாற்றுல இருக்கு. வைஃபை எந்த நிலத்துல குடியேறிச்சு, யார் கிட்ட இருந்து பேச்சுமுறையை வாங்கிச்சு, யாருக்காக செஞ்சாங்க – இந்த மூணும் தெரிஞ்சா உங்க ஆபிஸ் பிரச்சனையில பாதி புரிஞ்சிடும்.

நிலம்

ரேடியோ அலைகளை நம்ம ஊர் நிலம் மாதிரி நினைச்சுக்கோங்க. வானொலிக்கு இத்தனை சென்ட், டிவிக்கு இத்தனை, விமானத்துக்கு, போலீஸ் வயர்லெஸ்ஸுக்கு, கப்பலுக்குன்னு எல்லாம் பட்டா போட்டு கொடுத்தாச்சு. செல்போன் கம்பெனிகள் கோடிக்கணக்குல ஏலம் எடுத்து வாங்கியிருக்கிறதும் பட்டா நிலம்தான். வேற எவனாவது அதுல கால் வச்சா கேஸ் போடலாம்.

1947-ல அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில சர்வதேச தொலைத்தொடர்பு மாநாடு நடந்தது. அங்கதான் சில அலைவரிசைகளை "தொழிற்சாலை, அறிவியல், மருத்துவ உபயோகத்துக்கு"ன்னு ஒதுக்கி வச்சாங்க. கேட்க கௌரவமா இருந்தாலும் அர்த்தம் என்னன்னா, சூடு பண்ற மெஷின்கள் ரேடியோ சத்தம் போடும், அதுங்க இங்க கத்திட்டுப் போகட்டும், வேற யாரும் இந்தப் பக்கம் நம்பி வராதீங்க. அப்படி ஒதுக்கின நிலத்துல ஒண்ணுதான் 2.4 கிகாஹெர்ட்ஸ். நம்ம வருவாய்த்துறை பாஷையில சொன்னா சுத்தமான புறம்போக்கு. (திட்டுற வார்த்தையா எடுத்துக்காதீங்க. யார் பேர்லயும் எழுதப்படாத பொது நிலம்னுதான் அதுக்கு அர்த்தம்.)

அந்த நிலத்தோட முதல் பெரிய குடித்தனக்காரர் மைக்ரோவேவ் அடுப்பு. ரேதியான் கம்பெனியில ரேடார் வேலை பார்த்த பெர்சி ஸ்பென்சர் 1945-ல பேட்டன்ட்டுக்கு விண்ணப்பிச்சார். 1947-ல வியாபாரத்துக்கு வந்த முதல் அடுப்பு ஆள் உயரம், 300 கிலோவுக்கு மேல எடை. "தண்ணி மூலக்கூறு 2.45 கிகாஹெர்ட்ஸ்லதான் ஆடும், அதான் அந்த எண்"ன்னு ஒரு கதை சுத்திட்டு இருக்கு. அது தப்பு. தண்ணி ரேடியோ அலையை அதிகமா உறிஞ்சுறது அதைவிட பல மடங்கு மேல இருக்கிற அதிர்வெண்ல. 2.45-ல ஓட்டுறதுக்கு முக்கிய காரணம், அந்த நிலத்தை அவங்களுக்கு கொடுத்தாங்க. அவ்ளோதான்.

பேச்சுமுறை

இப்ப ஹவாய் போவோம். செலவு என்னோடது இல்லை :-)

ஹவாய் பல்கலைக்கழகத்தோட பெரிய கம்ப்யூட்டர் ஹொனலூலுவுல. கிளைக் கல்லூரிகள் வேற வேற தீவுல. நடுவுல கடல். டெலிபோன் லைன் விலையும் அதிகம், தரமும் மோசம். நார்மன் ஆப்ரம்சன்ங்கிற பேராசிரியர் (அலைச்சறுக்கு ஆசையில ஹவாய்க்கு குடிபோனவர், 2020-ல காலமானார்) ரேடியோவுல கம்ப்யூட்டர்களை இணைக்கலாம்னு ஆரம்பிச்சார். 1971-ல அலோஹா நெட் ஓட ஆரம்பிச்சது.

அதோட விதி ரொம்ப எளிமை. எல்லா டெர்மினலுக்கும் ஒரே அலைவரிசை. சொல்ல விஷயம் இருந்தா உடனே சொல்லிடு. மையக் கம்ப்யூட்டர் "கேட்டுச்சு"ன்னு பதில் அனுப்பினா சரி. பதில் வரலையா, வேற யாரோ அதே நேரத்துல பேசி ரெண்டும் மோதியிருக்கும். கொஞ்ச நேரம், ஆளுக்கு ஒரு அளவு, குத்துமதிப்பா காத்திருந்து திரும்ப சொல்லு. காலையில டீக்கடையில பத்து பேர் ஒரே நேரத்துல ஆர்டர் கத்துற மாதிரி. மாஸ்டருக்கு புரியலைன்னா திரும்ப கத்து.

இது எவ்வளவு தூரம் தாங்கும்னு ஆப்ரம்சனே கணக்கு போட்டு காட்டினார். அதிகபட்சம் 18 சதவீதம். நூறு செகண்டுல உருப்படியா பேச முடியுறது 18 செகண்டு. மீதியெல்லாம் மோதலும் மௌனமும். காலேஜ்ல கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் பேப்பர்ல இதை மனப்பாடம் பண்ணி எழுதியவங்க இங்க நிறைய பேர் இருப்பீங்க. இது நம்ம தினசரி வாழ்க்கையைப் பத்தின கணக்குன்னு அப்ப யாரும் சொல்லித்தரலை. ஆள் கூடக் கூட வேகம் மெதுவா குறையாது. ஒரு எல்லைக்கு மேல மோதல், திரும்ப கத்தல், அதனால இன்னும் மோதல்னு மொத்தமா சரிஞ்சு விழும்.

ஆப்ரம்சனோட கட்டுரையைப் படிச்ச பாப் மெட்காஃப், 1973-ல ஜெராக்ஸ் ஆராய்ச்சிக்கூடத்துல அதே ஐடியாவை கேபிளுக்குள்ள கொண்டு வந்தார். பேசுறதுக்கு முன்னாடி கேளு, பேசும்போதும் கேளு, மோதினா உடனே நிறுத்து. அதான் ஈதர்நெட். கேபிள்ல இது பிரமாதமா வேலை செஞ்சது.

காத்துல அப்படி முடியாது. ரேடியோ பேசும்போது அதோட சொந்த சத்தம், தூரத்துல இருந்து வர்ற சத்தத்தை விட கோடி மடங்குக்கு மேல பெருசு. திருவிழா ஸ்பீக்கர் பக்கத்துல நின்னுக்கிட்டு அடுத்த தெருவுல பேசுறதை கேட்கிற மாதிரி. அதனால மோதல் நடந்ததுகூட பேசினவனுக்கு தெரியாது.

இன்னொரு சிக்கலும் இருக்கு. 1975-ல டொபாகி, கிளைன்ராக் ரெண்டு பேரும் அதுக்கு "மறைந்த டெர்மினல்"னு பேர் வச்சாங்க. கல்யாண மண்டபத்துல சமையல்காரர் நடுவுல நிக்கிறார். பந்தியில இருந்து ஒருத்தர் "சாம்பார்"ங்கிறார், ஸ்டோர் ரூம்ல இருந்து இன்னொருத்தர் "உப்பு"ங்கிறார். ரெண்டு பேருக்கும் நடுவுல சுவர். ஒருத்தர் குரல் இன்னொருத்தருக்கு கேட்காது, அதனால ரெண்டு பேரும் "அமைதியாத்தானே இருக்கு"ன்னு நம்பி ஒரே நேரத்துல பேசுறாங்க. சமையல்காரருக்கு மட்டும் ஒண்ணும் புரியலை. யார் மேலயும் தப்பில்லை. ஆனா சாப்பாடு வராது.

குடியேற்றம்

புறம்போக்கு நிலமும் இந்த பேச்சுமுறையும் சேர வழி திறந்தது 1985-ல. அமெரிக்க தொலைத்தொடர்பு ஆணையத்துல மைக்கேல் மார்கஸ்னு ஒரு இஞ்சினியர். ராணுவத்துல பயன்பட்ட ஒரு நுட்பம் அவர் கண்ணுல பட்டது. சிக்னலை ஒரே இடத்துல குவிக்காம அகலமா பரப்பி அனுப்பினா, சத்தத்துக்கு நடுவுலயும் அது பிழைக்கும். அப்ப அந்த குப்பை அலைவரிசைகளை இதுக்கு ஏன் திறந்து விடக்கூடாது? எதிர்ப்பு இருந்தது. இருந்தும் 1985 மே மாசம் 900 மெகாஹெர்ட்ஸ், 2.4, 5.8 கிகாஹெர்ட்ஸ் பக்கம் மூணு துண்டு நிலத்தை லைசென்ஸ் இல்லாம பொதுமக்களுக்கு திறந்து விட்டாங்க.

ஒரு நிபந்தனை. யாருக்கும் தொந்தரவு கொடுக்கக்கூடாது. யாராவது உனக்கு தொந்தரவு கொடுத்தா பொறுத்துக்கணும். புகார் கிடையாது.

நம்ம நாட்டுக் கதையும் இதேதான், கொஞ்சம் லேட். 1933-ம் வருஷத்து வயர்லெஸ் சட்டப்படி ரேடியோ கருவி வச்சிருக்கவே லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்தது. வீட்டு ரேடியோவுக்கு தபால் ஆபிஸ்ல பணம் கட்டி புத்தகத்துல முத்திரை வாங்கினதை உங்க தாத்தா பாட்டி கிட்ட கேட்டுப் பாருங்க. 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் லைசென்ஸ் வேண்டாம்னு மத்திய அரசு விதி வெளியிட்டது 2005 ஜனவரியில. அதுலயும் அதே வாசகங்கள்: குறுக்கிடாமல், பாதுகாப்பு கோராமல், பகிர்ந்துகொண்டு. அதாவது பக்கத்து ஆபிஸ் ரவுட்டர் உங்க மேல ஏறி மிதிச்சா கலெக்டர் ஆபிஸ்ல மனு கொடுக்க முடியாது. 5 கிகாஹெர்ட்ஸ்ல மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை தாராளமா திறந்தது 2018-ல.

யாருக்காக?

லேப்டாப்புக்காக இல்லை. கல்லாப்பெட்டிக்காக!

என்சிஆர் கம்பெனி கடைகளுக்கு பில் போடுற மெஷின் வித்துக்கிட்டு இருந்தது. கடையில அலமாரியை இடம் மாத்தும்போதெல்லாம் தரையைத் தோண்டி கேபிள் போடுறது பெரிய தலைவலி. அவங்களோட நெதர்லாந்து பிரிவு வயர் இல்லாத கல்லாப்பெட்டிக்கு வழி தேடிச்சு. அங்க இருந்த விக் ஹேய்ஸ்தான் 1990-ல ஆரம்பிச்ச 802.11 குழுவுக்கு பத்து வருஷம் தலைவர். ஆளுக்கொரு திசையில இழுத்த கம்பெனிகளை உட்கார வச்சு 1997-ல முதல் தரநிலையை முடிச்சாங்க. வேகம் 2 எம்பிபிஎஸ். பில் போட அது தாராளம்.

மோதலை கண்டுபிடிக்க முடியாததால விதியை மாத்தினாங்க: முதல்ல கேளு. அமைதியா இருந்தாலும் கொஞ்சம் குத்துமதிப்பா காத்திரு. அப்புறம் பேசு. "கேட்டுச்சு"ன்னு பதில் வரலையா, இன்னும் அதிக நேரம் காத்திருந்து திரும்ப பேசு. ஹவாய் டீக்கடைதான், கொஞ்சம் மரியாதை கத்துக்கிட்ட டீக்கடை.

நடுவுல ஆஸ்திரேலியாவுல ஒரு சுவாரசியம். ஜான் ஓ'சல்லிவன் ஒரு ரேடியோ வானியலாளர். 1970-கள்ல, வெடிக்கிற குட்டி கருந்துளைகள் சிக்னல் அனுப்பும்னு தேடினார். கிடைக்கலை. கலங்கிப்போன சிக்னலை சுத்தம் பண்ற அந்த கணக்கு அனுபவம், சுவர்ல எதிரொலிச்சு குழம்புற ஆபிஸ் சிக்னலை சரி பண்ண 1990-கள்ல அவருக்கும் அவர் குழுவுக்கும் கை கொடுத்தது. அந்த பேட்டன்ட்டுக்காக பெரிய கம்ப்யூட்டர் கம்பெனிகள் கிட்ட இருந்து ஆஸ்திரேலிய அரசு ஆய்வு நிறுவனம் பல நூறு மில்லியன் டாலர் வாங்கினது தனிக்கதை.

"வைஃபையை கண்டுபிடிச்சது ஹாலிவுட் நடிகை ஹெடி லமார்"னு ஃபார்வர்ட் வந்திருக்கும். 1942-ல இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்டெய்லோட சேர்ந்து அலைவரிசை தாவும் முறைக்கு அவர் பேட்டன்ட் வாங்கினது நிஜம். புளூடூத் அந்த முறையில தாவுது. 1997 தரநிலையிலயும் அது ஒரு வகையா இருந்தது. ஆனா நாம இப்ப பயன்படுத்துற வைஃபை தாவுறதில்லை.

1999-ல 11 எம்பிபிஎஸ் வந்தது. வைஃபைங்கிற பேரும் அந்த வருஷம் ஒரு பிராண்ட் ஆலோசனை கம்பெனி வச்சதுதான். விரிவாக்கம் எல்லாம் கிடையாது. அதே வருஷம் ஜூலையில ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில ஐபுக்கை தூக்கிக்கிட்டு நடந்து, வயர் இல்லைன்னு காட்ட ஒரு வளையத்தை அதைச் சுத்தி மாட்டி எடுத்தார். கைதட்டல்.

அதே ஆள், 2010 ஜூன், சான் பிரான்சிஸ்கோ. ஐஃபோன் 4 அறிமுகம். மேடையில வெப் பேஜ் வரவே இல்லை. காரணம், அந்த ஹாலுக்குள்ள பார்வையாளர்களும் பதிவர்களும் கொண்டு வந்த 570 குட்டி வைஃபை ஸ்டேஷன்கள். எல்லாரும் அணைச்சாத்தான் டெமோ காட்ட முடியும்னு அவரே கேட்டுக்கிட்டார். பணமும் இஞ்சினியர்களும் கொட்டிக் கிடந்த கம்பெனிக்கே இதான் நிலைமை. புறம்போக்குல எல்லாரும் சமம் மக்களே.

இனி நம்ம ஆபிஸ்

நான் முன்ன வேலை பார்த்த இடம் சென்னையில ஒரு சின்ன ஆபிஸ். ரெண்டாவது மாடி, 18 பேர். கீழ் மாடியில டியூஷன் சென்டர், மேல ஒரு ஆடிட்டர் ஆபிஸ். நெட்வொர்க்கை ஒரு சின்ன கான்ட்ராக்டர் கிட்ட விட்டிருந்தாங்க, அவர் சார்பா ஒரு தம்பி வருவார். எட்டு மாசத்துல மூணாவது ரவுட்டர். எம்.டி. பொறுமை இழந்துட்டார்.

"போன மாசம்தானேப்பா புதுசு வாங்கினோம்?"

"சார், ரவுட்டர்ல ஒண்ணும் இல்ல சார்."

"அப்ப உன் கிட்டதான் இருக்கு."

அடுத்த மாசத்தோட கான்ட்ராக்ட் கட்னு பேச்சு. தம்பிக்கு அது ஒரு ஆபிஸ் இல்லை, மாச வருமானத்துல பெரிய பங்கு. வேற யாரும் பேசாததால நான் எம்.டி. கிட்ட ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். நானும் தம்பியும் சேர்ந்து பண்ணது ராக்கெட் சயின்ஸ் இல்லை. ஒரு நோட்டு போட்டோம். எப்ப போச்சு, யாருக்கு, எந்த இடத்துல, மத்தவங்களுக்கு இருந்ததா? நாலே காலம்.

முதல்ல ஒரு லேப்டாப்பை கேபிள்ல ரவுட்டரோட நேரா இணைச்சு விட்டுட்டோம். வைஃபை போனப்பல்லாம் கேபிள்ல நெட் ஓடிச்சு. அப்ப இணைப்பு கொடுக்கிறவங்க மேல தப்பில்லை, காத்துலதான் சிக்கல். இந்த ஒரு சோதனை பண்ணாம எவ்வளவு பேர் கஸ்டமர் கேர்ல மணிக்கணக்கா நிக்கிறாங்க தெரியுமா?

நோட்டு நிரம்ப நிரம்ப மேல சொன்ன வரலாறு ஒவ்வொண்ணா தலையைக் காட்டிச்சு.

மதியம் ஒண்ணுல இருந்து ரெண்டு வரை, சாப்பாட்டு ரூம் பக்கம் உட்கார்ந்தவங்களுக்கு மட்டும் அறுந்தது. 1947-ன் குடித்தனக்காரர்! அடுப்பு சக்தி சுமார் 1000 வாட். அதுல பத்தாயிரத்துல ஒரு பங்கு கசிஞ்சா 0.1 வாட். சாதாரண ரவுட்டரோட மொத்த சக்தியே கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

காலையில பத்தரைக்கு மேல எல்லாருக்கும் மந்தம். ஃபோன்ல ஸ்கேன் பண்ணினா 14 நெட்வொர்க், அதுல 9 ஆறாம் சேனல்ல. 2.4-ல 13 சேனல் நம்பர் இருந்தாலும் ஒண்ணோட ஒண்ணு மோதாத மாதிரி எடுத்தா 1, 6, 11 மூணுதான் தேறும். ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணா ஏன் சரியாகுதுங்கிற ரகசியமும் இதுதான். ஆட்டோவுல இருந்தா அது எழுந்திரிக்கும்போது காலி சேனல் தேடிப் போகும். அடுத்த ஆபிஸ் ரவுட்டரும் நாளைக்கு அங்க வரும். பழையபடி கூட்டம்.

கடைசி மூலையில அக்கவுண்ட்ஸ்ல ஒரு பழைய லேப்டாப். அது பேக்கப் எடுக்க ஆரம்பிச்சா மொத்த ஆபிஸும் படுத்துடும். வைஃபை விதியில எல்லாருக்கும் சமமான வாய்ப்பு கிடைக்கும், சமமான நேரம் இல்லை. தூரத்துல 1 எம்பிபிஎஸ்ல இழுத்து இழுத்து பேசுறவர் முறை முடியுற வரைக்கும் வேகமா பேசுறவங்களும் காத்திருக்கணும். 2003-லயே ஒரு ஆய்வுக் கட்டுரை இதைக் கணக்கு போட்டு காட்டியிருக்கு. ஒரே ஒரு மெதுவான ஆள் போதும், எல்லாரும் அவர் வேகத்துக்கு இறங்கிடுவாங்க.

மீட்டிங் ரூம்ல ஆள் இருந்தா அங்கயும் பிரச்சனை, எதிர் கோடியிலயும் பிரச்சனை. நடுவுல ரெண்டு சுவரும் இரும்பு பீரோ வரிசையும். ரவுட்டருக்கு ரெண்டு பக்கமும் கேட்கும், அந்த ரெண்டு பக்கமும் ஒண்ணை ஒண்ணு கேட்காது. 1975-ன் சமையல்காரர் கதை அப்படியே.

செஞ்ச வைத்தியம் இவ்வளவுதான். நகராத மெஷின் எல்லாத்தையும் – டெஸ்க்டாப், பிரின்டர், அந்த பழைய லேப்டாப் – கேபிளுக்கு மாத்தினோம். 5 கிகாஹெர்ட்ஸ் தெரிஞ்ச லேப்டாப்களை அங்க அனுப்பினோம். 2.4-ஐ ஆட்டோவுல விடாம ஒண்ணாம் சேனல்ல நிறுத்தினோம். தூக்கிப் போட்டிருந்த பழைய ரவுட்டரை கேபிள் இழுத்து மீட்டிங் ரூம்ல ஆக்சஸ் பாயின்ட்டா வச்சோம். பீரோவை நகர்த்தினோம். கேபிளுக்கு ஆன செலவு நாலாவது ரவுட்டர் விலையில பாதி. தம்பியோட கான்ட்ராக்ட் தப்பிச்சது. எம்.டி. ஸாரி எல்லாம் சொல்லலை. மறுநாள் "கேபிள் இழுத்தது நல்லாருக்குப்பா"ன்னு மட்டும் சொன்னார். தம்பிக்கு அது போதுமா இருந்தது.

கடைசியா

சிலர் கேட்பீங்க, இவ்வளவு தொல்லை பிடிச்ச நிலம் எதுக்கு, இதையும் ஏலம் விட்டு பட்டா போட்டா என்னன்னு. போட்டிருந்தா வைஃபையே வந்திருக்காது. கல்லாப்பெட்டிக்காரரும் கருந்துளை தேடினவரும் நுழைஞ்சது அங்க வாசல்ல யாரும் பணம் கேட்கலைங்கிறதாலதான். டியூஷன் சென்டரும் ஆடிட்டரும் நம்ம 18 பேரும் மாசாமாசம் அலைக்கு வாடகை கட்டாம இருக்கிறதும் அதனாலதான். ஊர் மந்தைவெளி மாதிரி. யார் வேணும்னாலும் மாடு மேய்க்கலாம், ஆனா புல் எல்லார் மாட்டுக்கும் சேர்த்துதான் வளருது.

அதனால அடுத்த தடவை "நெட் வரலை"ன்னு குரல் கேட்டா, தம்பியைத் திட்டுறதுக்கு முன்னாடி கேட்க வேண்டியது: இப்ப இந்த நிலத்துல யார் யார் நிக்கிறாங்க? யாருக்கு யார் குரல் கேட்கலை? யார் மெதுவா பேசுறாங்க? நகராம உட்கார்ந்தே இருக்கிற மெஷின் எதுக்கு மந்தைவெளியில மேயுது?

உங்க ஆபிஸ்ல எந்த நேரத்துல, எந்த மூலையில வைஃபை சாகுதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. 1947-ஆ, 1971-ஆ, 1975-ஆன்னு சேர்ந்து கண்டுபிடிப்போம்.